நல்லா அடிங்க

தம்பி,

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் சேலைக் கடையில் நீ சொன்ன ஒரு சொல்லுக்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். கூறைச் சேலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தர்ஷினியின் அம்மா பேசினார். “சம்பந்தி, மாப்பிள்ளைக்கு முனி இறங்கும்னு கிள்ளான்ல எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டுக் காவல் தெய்வமும் முனீஸ்வரர்தான். ஞாயித்துக்கிழமை செராஸ் வீட்டுல படையல் போடுறோம். மாப்பிள்ளை சுருட்டைக் கையில வாங்கி ரெண்டு வார்த்தை சொல்லிட்டா போதும், கல்யாணம் தடங்கல் இல்லாம நடந்துடும்.” நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே, “சரி அத்தை, செஞ்சிடலாம் லா” என்றாய். திரும்பி வரும்போது காரில் கேட்டேன். “சும்மா ஒரு தடவைதானேம்மா. வெறும் சுருட்டுதானே. அவங்க ஆசைப்படுறாங்க” என்றாய்.

நீ பில் கட்டப் போயிருந்தபோது தர்ஷினி என் பக்கத்தில் வந்து நின்று உன் அப்பாவின் வலது கையைப் பற்றிக் கேட்டாள். “அத்தை, மாமா கை எப்படி அப்படி ஆச்சு? இவர்கிட்ட கேட்டா தேங்காய் உரிக்கும்போதுங்கிறாரு. மாமாகிட்ட கேட்டா தேங்காய் உடைக்கும்போதுங்கிறாரு. ரெண்டுல எந்தத் தேங்காய்?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. “அவனையே கேளும்மா” என்று சொல்லிவிட்டு ரவிக்கைத் துணி பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதம் உன் மனைவியாகப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாதது எது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பேசத் தெரியாதவள் எழுதட்டும் என்று விட்டுவிடு. நீ படித்துச் சரி என்று சொன்ன பிறகு இதை மற்றவர்களும் படிக்கக் கொடுப்பேன். உன் பெயர் இதில் இல்லை. மற்ற பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போய்ப் படித்தது மொழியியல். ஒரு சொல் எங்கெல்லாம் எப்படிப் பொருள் மாறுகிறது என்று தேர்வெழுதித் தேறியவள். இன்றும் மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட எனக்கு ‘அடி’ என்ற சொல் புரியாமல் போயிற்று. உனக்குப் பதினைந்து வயதில் மணியம் மாமா கோயிலின் உறுமி மேளத்தில் சேர்ந்தாய். என் தம்பி பூசாரியாக இருக்கும் கோயில்தானே, கெட்ட இடமா என்று இருந்துவிட்டேன். பள்ளி விட்டு வந்ததும் ரூபனும் மற்றப் பையன்களும் நம் ஃபிளாட் வாசலில் வந்து நிற்பார்கள். “ஆன்டி, அவன் இருக்கானா? அடிக்கப் போறோம்” என்பார்கள். ஒரு நாள் வடை சுட்டுத் தட்டில் வைத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், “இன்னிக்கு எங்கய்யா அடிக்கிறீங்க?” ரூபன், “கோயிலுக்குப் பின்னால ஆன்டி” என்றான். “திருவிழா வருது, நல்லா அடிங்க” என்றேன். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. ஒருவன் வடையை வாயில் வைத்தபடியே குனிந்து குனிந்து சிரித்தான். கூச்ச சுபாவக்காரி நான் வாய்விட்டுப் பேசிவிட்டேன், அதனால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

துணி துவைக்கும்போது உன் மஞ்சள் வேட்டியில் வரும் வாசனை எனக்குத் தெரியும். சாம்பிராணி, கற்பூரம், சுருட்டு, அதற்கு அடியில் காய்ந்த புல்லை எரித்ததுபோல் இன்னொன்று. முனீஸ்வரர் கோயிலில் சுருட்டு நாற்றம் இல்லாவிட்டால்தான் அதிசயம். ரூபன் பிறகு ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே சொன்னான், சுருட்டைப் பிரித்து உள்ளே கஞ்சாவை வைத்து மறுபடி சுற்றிவிடுவார்களாம். சாமி பிடிக்கும் சுருட்டை யாரும் வாங்கி மோந்து பார்ப்பதில்லையே. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்து புகைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒளிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாமே தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு நீட்டினோம்.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில் நீ மாறினாய். பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. கணக்கில் முன்வரிசையில் இருந்த பையன் நீ, வாசித்த பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தாய். தூக்கம் குறைந்தது. மின்விசிறி உன்னைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லி அதை நிறுத்தினாய். அந்தச் சமயத்தில்தான் திருவிழா வந்தது. உறுமி உச்சத்துக்குப் போனபோது நீ ஆடினாய், நாக்கைத் துருத்தினாய், கூட்டத்தில் நின்ற ஒரு அம்மாவின் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னாய். மணியம் மாமா உன் காலில் விழுந்தான். “அக்கா, முனி நம்ம பிள்ளை மேல இறங்கியிருக்கு” என்றான். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. உன் அப்பா மட்டும் பின்னால் ஒதுங்கி நின்றார். துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், பாதி வாழ்க்கையைத் தூங்காத மனிதர்களோடு கழித்தவர். “பிள்ளை கண்ணைப் பாருடி. அவன் நாலு நாளா தூங்கல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். “சும்மா இருங்க, சாமி குத்தம் ஆயிடும்” என்று அவர் வாயை அடைத்தேன்.

கோயிலில் இறங்கும் சாமி கற்பூரம் காட்டினால் மலையேறிவிடும். உன் மேல் வந்தது மலையேறவில்லை. வீட்டுக்கும் வந்தது. அப்பா சோற்றில் ஏதோ கலக்கிறார் என்றாய். கண்ணாடியை உடைத்து, அந்தச் சில்லின் மேலேயே நடந்தாய். சமையலறைத் தரை முழுக்க உன் காலடி சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் துடைக்க வந்தபோது என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாய். மணியம் மாமா வந்து பார்த்துவிட்டு, “இது முனி இல்லக்கா. முனி பேர்ல வேற எதுவோ பூந்துருக்கு. ஓட்டணும்” என்றான்.

அந்தப் பிற்பகலை நீ முழுதாக நினைவில் வைத்திருக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் வைத்திருக்கிறேன். கோயிலின் சிமெண்டுத் தரையில் உன்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். “அக்கா, காலைப் பிடி” என்றான் என் தம்பி. பிடித்தேன். பிள்ளையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட்ட அதே கால்கள். அவன் சாட்டையை மஞ்சள் தண்ணீரில் நனைத்தான். “யாரு வந்திருக்கிறது? சொல்லு” என்று கேட்டான். நீ தலையைத் திருப்பி, மிகத் தெளிவாக, “நான்தான் மாமா” என்றாய். “பொய் சொல்லுது” என்று சாட்டையை வீசினான். முதல் வீச்சில் சட்டை கிழிந்தது. “யாரு?” “நான்தான் மாமா, நான்தான்.” மறுபடி வீசினான். இப்போது தோல் கிழிந்தது. உன் உடம்பு துள்ளியபோது முழங்கால் என் தாடையில் இடித்துப் பல் உதட்டில் இறங்கியது. ஆனாலும் கையை விடவில்லை. ஓரத்தில் ரூபனும் பையன்களும் உறுமியோடு நின்றார்கள். பேய் ஓட்டும்போது மேளம் வேண்டுமாம். மணியம் மாமா திரும்பிப் பார்த்து, “நல்லா அடிங்கடா” என்று கத்தினான். உறுமி முழங்கியது. சாட்டையும் விழுந்தது. எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உன் முதுகிலிருந்து தெறித்தது என் மூக்குக்கண்ணாடியில் புள்ளியாய் நின்றது. கடைசியில் நீ, “முனி... நான் முனி... போயிடுறேன்” என்றாய். உடனே சாட்டை நின்றது. எல்லாரும் கும்பிட்டார்கள். எலுமிச்சம்பழத்தை உன் தலையைச் சுற்றி நசுக்கினார்கள். காவலுக்கு என்று கோயில் அருவாள் ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, என் கையில் கொடுத்தான் என் தம்பி. “சாமி மேடைக்குக் கீழ வை அக்கா. எதுவும் கிட்ட வராது.”

மறுநாள் காலையில் உன் அப்பா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நீ அந்த அருவாளோடு வந்தாய். நுனியில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. “நீ என் அப்பா இல்ல” என்றாய், சத்தம் போடாமல். கழுத்துக்கு ஓங்கினாய். அவர் நிமிர்ந்து வலது கையால் அதைப் பிடித்தார், வெறுங்கையால், வெட்டும் பக்கத்தை. நீ இழுத்தாய். நாலு விரல்களின் உட்பக்கமும் திறந்துகொண்டதை நான் பார்த்தேன், உள்ளே வெள்ளையாய் நரம்பு தெரிந்தது, அதற்குப் பிறகுதான் இரத்தம் வந்தது. அவர் கையை விடவில்லை. விட்டால் அடுத்த வீச்சு என் பக்கம் வரும் என்று நினைத்திருக்கிறார். நீ இரண்டாம் தடவை இழுப்பதற்குள் அடுப்பிலிருந்த தோசைக்கல்லைத் தூக்கி உன் தலையில் போட்டேன். காதுக்கு மேலே நீ தடவிப் பார்க்கும் தழும்பு அதுதான். சூட்டிலும் அடியிலும் நீ சரிந்தாய். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன்தான் நம் மூவரையும் காரில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க உன் அப்பா, “தேங்காய் வெட்டும்போதுன்னு சொல்லுடி. பிள்ளை பேரைச் சொல்லிடாதே. போலீஸ் வந்துடும்” என்று முனகிக்கொண்டே வந்தார். அந்தத் தேங்காய்தான் இன்றுவரை நம் வீட்டில் உருண்டுகொண்டிருக்கிறது.

உன்னைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண், என்னைவிட இளையவர். உன் முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அனாக் புவான் ஹிசாப் கஞ்சா கா?” உங்கள் பிள்ளை கஞ்சா உறிஞ்சுகிறானா? இல்லை, அவனுக்குச் சாமி வரும் என்றேன். சிறுநீர்ச் சோதனை முடிவு வந்ததும் அதே கேள்வியைப் பதிலாகத் திருப்பிச் சொன்னார். மலாயில் கஞ்சாவை உறிஞ்சுவார்கள். நம் பையன்கள்தான் அடிப்பார்கள். அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வினைச்சொல்லை மொழிபெயர்த்து முடித்தபோது, படிக்கட்டில் கேட்ட சிரிப்பு என் காதில் விழுந்தது.

அவர் மிரட்டவில்லை. புகைக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது என்றார். ஆனால் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் தொடங்கினால், அடிக்கடி பிடித்தால், காரமான சரக்காக இருந்தால், ஆபத்து கூடும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்டார். என் அப்பா எஸ்டேட்டில் ரப்பர் மரங்களோடு சண்டை போடுவார். பால் வெட்டும் கத்தியோடு ஒரு தடவை கங்காணியைத் துரத்தினார். அவரை எல்லாரும் ‘சாமியார்’ என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அதைச் சொன்னேன். மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். நம் வீட்டில் வெடிமருந்து ஏற்கெனவே இருந்தது, தம்பி. அதை உனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இருட்டில் நீ தீக்குச்சி கிழித்தாய்.

ரூபன் இரண்டு நாள் கழித்து வந்தான். கட்டிலின் காலடியில் நின்று, “ஆன்டி, நாங்க எல்லாரும்தான் அடிச்சோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. இவனுக்கு மட்டும் ஏன் ஆன்டி?” என்று அழுதான். அவன் எந்த அடியைச் சொல்கிறான் என்று எனக்கு இந்த முறை புரிந்தது. ஒரு இழுப்பிலேயே பைத்தியம் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துகிறார்கள். பிள்ளைகள் நம்புவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் ரூபன் நன்றாக இருக்கிறான். உண்மை அதைவிடப் பயங்கரமானது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் பையன்களில் யாருடைய மூளை கலங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். நண்பர்கள் பரீட்சை எழுதியபோது நீ வார்டில் இருந்தாய். மருந்தில் கை நடுங்கியதால் உறுமிக் குச்சி உன் பிடியில் நிற்கவில்லை. ஒரு நாள் அதை நீயே முழங்காலில் வைத்து முறித்துக் குப்பையில் போட்டாய். எஸ்.பி.எம்மைப் பிந்தி எழுதினாய், வயரிங் படித்தாய், சுபாங் ஜெயாவில் வேலைக்குச் சேர்ந்தாய். இரண்டாம் தடவை நீ சறுக்கியதையும் நான் மறக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போன இடத்தில், பழைய கூட்டாளிகளோடு, இதே ‘சும்மா ஒரு தடவை’. வீடு வந்து சேருவதற்குள் ரயிலில் ஒருவரின் மூக்கை உடைத்திருந்தாய், அவர் உன் எண்ணங்களைத் திருடுகிறார் என்று. ஸ்டேஷனுக்கு நான் ஓடிப் போனபோது மூன்று பேர் உன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த நிலையில் உன்னைக் கண்டேன். அதனால்தான் நேற்று காரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் இந்தக் கடிதத்தை எழுத முடிவு செய்தேன். இது வெறும் சுருட்டு என்கிறாய். இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வருவது சுருட்டு மட்டும் இல்லை. சாமி வரும் மாப்பிள்ளை என்ற பெயரும் வரும். ஒரு தடவை வாங்கினால் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் நீ ஆட வேண்டும். ஆடுவதற்குத் தூக்கம் கெட வேண்டும். தூக்கம் கெட்டால் மாத்திரையைத் தள்ளிப்போடுவாய். பிறகு யாராவது ஒரு ரூபன் நல்ல எண்ணத்தோடு ஒரு சுருட்டைச் சுற்றித் தருவான். அப்போது சமையலறையில் நிற்பது நானாக இருக்க மாட்டேன். தர்ஷினியாக இருப்பாள். அவளுக்குத் தோசைக்கல்லை எப்போது தூக்க வேண்டும் என்றே தெரியாது.

சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். நிற்கலாம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. மணியம் மாமா நேற்றே ஃபோனில், “அக்கா, கெடுத்துடாதே, சாமின்னே இருக்கட்டும். அது கௌரவம்” என்றான். அவன் சாட்டையைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. ஆனால் எது கௌரவம் என்பதில் அவன் இன்னும் அதே இடத்தில் நிற்கிறான். உனக்கு ஒரு பிள்ளை பிறக்கலாம். அதன் இரத்தத்தில் என் அப்பாவும் இருப்பார். பதினைந்து வயதில் அது வாசலில் நின்று, “அடிக்கப் போறேன்மா” என்று சொல்லும்போது, அந்தத் தாய்க்கு அந்தச் சொல் புரிய வேண்டும். அதற்கு அவளிடம் உண்மை இருக்க வேண்டும்.

இன்று காலை உன் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மஞ்சள் அரிசியை வலது கையால் அள்ளிப் பழகிக்கொண்டிருந்தார். அட்சதையை இடது கையால் போடக் கூடாதாம். மடங்காத விரல்களுக்கிடையில் அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது. “இடது கையால போட்டா என்னங்க?” என்றேன். “போட்டா, ஏன்னு கேப்பாங்க. கேட்டா, பிள்ளை பொய் சொல்லணும்” என்றார். அவருக்கு அந்த வேலையையாவது மிச்சம் பண்ணிக் கொடு. சனிக்கிழமையே தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வா. அந்தக் கையை அவள் முன்னால் வைத்து நீயே சொல். எந்தத் தேங்காயும் இல்லை என்று சொல். கேட்டுவிட்டு அவள் போனால், கதவுவரை நான் போய் வழியனுப்புவேன், அவள் மேல் வருத்தப்பட மாட்டேன். அவள் இருந்தால், மறுநாள் செராஸுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து போவோம்.

அங்கே படையல் போட்டிருப்பார்கள். சாம்பிராணிப் புகை எழும். யாராவது சுருட்டைப் பற்றவைத்து நீட்டி, கைகூப்பி, “யாரு வந்திருக்கிறது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உனக்குத் தெரியும். முதல் வீச்சு விழுவதற்கு முன்பே நீ அதைச் சொன்னாய். அதையே மறுபடி சொல், தம்பி. இந்த முறை உன் காலைப் பிடிக்க மாட்டேன். எத்தனை பேர் இருந்தாலும் சத்தமாக, “ஆமாம், அவன்தான்” என்பேன்.

அம்மா